பை மண்டேயா, அன்டில் மண்டேயா? காலம் எந்த வினைக்குச் சொந்தம்?

கேட்டவர் அலுவலக மின்னஞ்சல் ஒன்றில் ‘த ரிப்போர்ட் இஸ் டு பி சப்மிட்டெட் அன்டில் மண்டே’ என்று எழுதியிருக்கிறார். மேலாளர் ‘அன்டில்’ என்பதை அடித்துவிட்டு ‘பை’ என்று போட்டிருக்கிறார். கேட்டவர் அதோடு விட்டிருப்பார். ஆனால் அதே வாரம் ஓர் அமெரிக்க டெண்டர் அறிவிப்பில் ‘பிட்ஸ் வில் பி ரிசீவ்டு அன்டில் 2 பி.எம்.’ (விலைப்புள்ளிகள் பிற்பகல் 2 மணி வரை பெறப்படும்) என்று இருந்ததைப் பார்த்துவிட்டார். அங்கே மட்டும் ‘அன்டில்’ எப்படிச் சரியாகும், செயப்பாட்டுவினைக்கு முன்னால் ‘டு பி’ வந்தால் எந்தக் கால முன்னிடைச்சொல்லை (‘பை’, ‘அன்டில்’ போன்ற பிரிபொசிஷனை) போட வேண்டும், விதி இருந்தால் சொல்லுங்கள் என்கிறார்.

விதி கேட்டு வந்தவருக்கு ஏமாற்றமாக இருக்கலாம்: ‘டு பி’க்கு என்று தனியாக ஒரு முன்னிடைச்சொல் கிடையாது. ‘டு பி சப்மிட்டெட்’, ‘டு பி ரிசீவ்டு’ ஆகியவை பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். உள்ளே இருக்கும் வினைகளோ ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. முன்னிடைச்சொல்லைத் தேர்ந்தெடுப்பது அந்த வினைதான். ஆகவே நீங்கள் உண்மையில் கேட்பது, ஒரு வாக்கியத்தில் உள்ள காலக் குறிப்பு எந்த வினைக்குச் சொந்தம், அந்த வினை ஒரு கணத்தில் முடிவதா அல்லது நீண்டு நிற்பதா என்பதுதான். நான் இலக்கணப் பேராசிரியன் அல்லன். ஒரு நாளிதழில் இருபத்திரண்டு ஆண்டுகள், பெரும்பாலும் இரவுப் பணியில், ஆங்கில ஏஜென்சிச் செய்திகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்தவன். இந்த ‘டு பி’யிடம் அடி வாங்கிக் கற்றதைத்தான் சொல்கிறேன்.

முதலில் உங்கள் ‘அன்டில்’ எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நம்முடைய ‘வரை’யிலிருந்து வந்தது. ‘விண்ணப்பங்களைத் திங்கட்கிழமை வரை சமர்ப்பிக்கலாம்’ என்று நாம் தினமும் எழுதுகிறோம். அது குற்றமற்ற தமிழ். ஆனால் அதே வாக்கியத்தில் ‘சமர்ப்பிக்கலாம்’ என்பதை எடுத்துவிட்டு ‘சமர்ப்பிக்க வேண்டும்’ என்று போட்டு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ‘அறிக்கையைத் திங்கட்கிழமை வரை சமர்ப்பிக்க வேண்டும்.’ காதில் இடறுகிறது அல்லவா? ஒரே அறிக்கையைத் திங்கள் வரை ஓயாமல் சமர்ப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுபோல் ஒலிக்கிறது. அங்கே ‘திங்கட்கிழமைக்குள்’ என்றுதான் வாய் தானாகத் திருத்திக்கொள்ளும். அனுமதி என்பது நீண்டு நிற்பது, அதனால் ‘வரை’ அதோடு ஒட்டும். கடமை என்பது ஒரு முறை செய்து முடிப்பது, அதற்குக் ‘க்குள்’ வேண்டும். ஆங்கிலக்காரரின் காதும் ‘அன்டில்’, ‘பை’ விஷயத்தில் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது. ‘மே பி சப்மிட்டெட் அன்டில் மண்டே’ என்று எழுதியிருந்தால் உங்கள் மேலாளர் பேனாவை எடுத்திருக்க மாட்டார்.

ஒரே வினையை வைத்து எல்லா முன்னிடைச்சொற்களையும் ஓட்டிப் பார்த்தால் இது தெளிவாகும். ‘க்ளோஸ்’ என்ற வினையை எடுத்துக்கொள்வோம். அது இரட்டை வேடக்காரன். ‘டு பி க்ளோஸ்டு’ என்றால் மூடுதல் என்ற செயலாகவும் இருக்கலாம், மூடிக் கிடத்தல் என்ற நிலையாகவும் இருக்கலாம். ‘த ரோடு இஸ் டு பி க்ளோஸ்டு பை மண்டே’ என்றால் தடுப்புகளை வைத்து முடிக்கும் வேலை திங்களுக்குள் நடந்தாக வேண்டும்; இது செயல். ‘டு பி க்ளோஸ்டு அன்டில் மண்டே’ என்றால் சாலை திங்கள் வரை மூடியே கிடக்கும், இது நிலை. வேறு எந்தச் சொல்லும் மாறவில்லை, முன்னிடைச்சொல் மட்டுமே மாறியது. அதற்குள் வாக்கியம் தலைகீழாகிவிட்டது. முதலாவதில் திங்களுக்குப் பிறகு அந்தச் சாலையில் போக முடியாது, இரண்டாவதில் திங்களுக்குப் பிறகுதான் போக முடியும். ‘ஃபார் த்ரீ டேஸ்’ என்றால் மீண்டும் நிலைதான், அளவு சொல்லிய நிலை. ‘ஃபிரம் மண்டே’ என்றால் நிலையின் தொடக்கம். ‘ஆன் மண்டே’ என்றால்? இங்கேதான் ஆங்கிலம் கையை விரித்துவிடுகிறது. திங்களன்று மூடும் வேலை நடக்கும் என்றும் கொள்ளலாம், திங்கள் ஒரு நாள் மட்டும் மூடியிருக்கும் என்றும் கொள்ளலாம். சாலை மறியல் செய்தி என்றால் இரண்டாவது பொருளும், தொழிற்சாலை மூடல் செய்தி என்றால் முதல் பொருளும் எனச் சூழலைப் பார்த்து முடிவு செய்கிறோம்.

‘சப்மிட்’ அப்படி வேடம் போடாது. கொடுத்தால் முடிந்தது. அதனால் அனுமதி தரும் ‘மே’ இல்லாவிட்டால் அதோடு ‘அன்டில்’, ‘ஃபார் த்ரீ டேஸ்’ எதுவும் ஒட்டாது. ஆனால் எதிர்மறையைச் சேர்த்துவிட்டால் கதை மாறும். ‘த கவர் இஸ் நாட் டு பி ஓபன்ட் அன்டில் மண்டே’ என்பது அப்பழுக்கற்ற ஆங்கிலம். ‘ஓபன்’ ஒரு கண வினைதான். ஆனால் திறக்காமல் இருப்பது நீண்டு நிற்கும் நிலை. தமிழிலும் ‘திங்கட்கிழமை வரை உறையைத் திறக்கக் கூடாது’ என்று சிக்கலில்லாமல் சொல்கிறோம். இதில் நமக்கு மட்டும் ஒரு பொறி இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்தைப் படிப்பவர் திங்கள் காலை உறையைத் திறந்துவிடுவார். தமிழ் வாக்கியத்தைக் கேட்பவர் திங்கள் முழுவதும் காத்திருந்து செவ்வாயன்று திறக்கவும் இடமுண்டு. நம்முடைய ‘வரை’ கடைசி நாளையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளப் பார்க்கும். அமெரிக்கர்கள் இந்தத் தொல்லைக்காகவே ‘த்ரூ மண்டே’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் திங்கள் கட்டாயம் உள்ளடங்கும். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அந்த வழக்கு அவ்வளவாக இல்லை.

‘க்குள்’ இன்னொரு குழியும் வெட்டி வைத்திருக்கிறது. ‘திங்கட்கிழமைக்குள்’, ‘மூன்று நாளைக்குள்’ இரண்டுக்கும் தமிழில் ஒரே உருபு. ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது. ஒரு புள்ளியைச் சொன்னால் ‘பை’, ஒரு நீளத்தைச் சொன்னால் ‘விதின்’. ‘டு பி பெய்டு பை த டென்த்’, ஆனால் ‘டு பி பெய்டு விதின் டென் டேஸ்’. ‘விதின் மண்டே’ என்று எழுதும் தமிழர்களை நான் எண்ணற்ற முறை பார்த்திருக்கிறேன். அதைத் திருத்தாமல் விட்டதாக நினைவில்லை. ‘இன் டென் டேஸ்’ என்பது மூன்றாவது பிராணி. ‘டு பி பில்ட் இன் டென் டேஸ்’ என்றால் பத்து நாளில் கட்டி முடித்துவிடுவார்கள். ‘டு பி அனௌன்ஸ்டு இன் டென் டேஸ்’ என்றால் பத்து நாள் கழித்து அறிவிப்பார்கள். கட்டுவதற்கு நாள் பிடிக்கும், அறிவிப்பதற்குப் பிடிக்காது, அவ்வளவுதான் வேறுபாடு. ‘ரிப்பேர்’ போன்ற வினைகளில் இரண்டு பொருளும் வரும் என்பதால், நெருக்கடியான கடிதங்களில் ‘இன்’ வேண்டாம் என்பது என் பழக்கம்.

இனி ‘இஸ் டு பி’ என்பதன் முகத்தையே பார்க்க வேண்டும். இதைத் தமிழாக்கும்போது இரண்டு வாசல்கள் திறக்கும். ஒன்று ‘இருக்கிறது’: ‘புதிய பாலம் திறக்கப்பட இருக்கிறது.’ மற்றொன்று ‘வேண்டும்’: ‘படிவம் நிரப்பப்பட வேண்டும்.’ ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘இஸ் டு பி’தான். எந்த வாசல் என்பதைக் காலச் சொல் காட்டிக்கொடுக்கும் என்பது என் அனுபவம். ‘ஆன் ஃப்ரைடே’ என்று வந்தால் பெரும்பாலும் திட்டம், எனவே ‘இருக்கிறது’. ‘பை ஃப்ரைடே’, ‘விதின் எ வீக்’ என்று வந்தால் பெரும்பாலும் கெடு, எனவே ‘வேண்டும்’. இதை விதி என்று சொல்லமாட்டேன். ‘த ஹியரிங் இஸ் டு பி ஹெல்டு ஆன் ஃப்ரைடே’ என்பதை ஒரு நீதிபதி உத்தரவில் எழுதினால் அது கட்டளை, நிருபர் செய்தியில் எழுதினால் அது தகவல். யார் பேசுகிறார் என்பதை எந்த முன்னிடைச்சொல்லும் சொல்லாது. தலைப்புகளில் ‘இஸ்’ஸும் உதிர்ந்து ‘பிரிட்ஜ் டு பி ஓபன்ட் ஆன் மண்டே’ என்று மட்டும் நிற்கும். அங்கே ஏறத்தாழ எப்போதும் ‘இருக்கிறது’தான்.

நான் அடி வாங்கிய இடம் வேறு. ஓர் இரவு ஒன்பது மணிவாக்கில் ஏஜென்சியிலிருந்து அணை பற்றி ஒரு வரி வந்தது. ‘வாட்டர் வாஸ் ஆர்டர்டு டு பி ரிலீஸ்டு ஃபிரம் த டேம் ஆன் ஃப்ரைடே.’ நான் ‘வெள்ளிக்கிழமை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட உத்தரவு’ என்று எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை ஒரு விவசாயி தொலைபேசியில் வந்தார். கோபப்படவில்லை. ‘தம்பி, எந்த வெள்ளி? வாய்க்காலைப் பார்க்க ஆள் அனுப்பட்டுமா?’ என்றுதான் கேட்டார். விசாரித்தால், உத்தரவு போட்ட நாள்தான் வெள்ளி. தண்ணீர் ஞாயிறு காலைதான் வரும். வாக்கியத்தில் இரண்டு வினைகள் இருந்தன: ஆர்டர், ரிலீஸ். ஆங்கிலம் காலக் குறிப்பைக் கடைசியில் கொண்டுபோய் வைக்கும் மொழி. அங்கே நிற்கும் ‘ஆன் ஃப்ரைடே’ முன்னால் உள்ள எந்த வினையின் கையை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் இருப்பது ‘ரிலீஸ்’ என்பதால் நான் அதனிடம் கொடுத்துவிட்டேன்.

சிரிப்பு என்னவென்றால், நான் எழுதிய தமிழ் வரியும் அதே அளவுக்கு இரண்டுபட்டது. ‘வெள்ளிக்கிழமை தண்ணீர் திறந்துவிட உத்தரவு’ என்றால் வெள்ளியன்று உத்தரவா, வெள்ளியன்று திறப்பா? ஆங்கிலத்தில் காலம் வால் பக்கம் போய் நின்று குழப்புகிறது, தமிழில் தலைப் பக்கம் நின்று குழப்புகிறது. கண்ணாடிப் பிம்பம் மாதிரி. மருந்தும் அப்படியே. ஆங்கிலத்தில் காலத்தை இரண்டு வினைகளுக்கும் நடுவே நகர்த்தினால் அது முதல் வினைக்குச் சொந்தமாகிவிடும்: ‘வாஸ் ஆர்டர்டு ஆன் ஃப்ரைடே டு பி ரிலீஸ்டு.’ தமிழில் அதே நடு இடம் உத்தரவுக்குச் சொந்தமாகிறது: ‘தண்ணீர் திறந்துவிட வெள்ளிக்கிழமை உத்தரவிடப்பட்டது.’ அன்றிலிருந்து ‘எக்ஸ்பெக்டெட் டு பி’, ‘ஆர்டர்டு டு பி’, ‘செட் டு பி’, ‘டிசைடட் டு பி’ என்று எது வந்தாலும், காலக் குறிப்பின் அடியில் பென்சிலால் கோடு போட்டு, அது எந்த வினையின் சொத்து என்று அம்புக்குறி வரைந்துவிட்டுத்தான் தட்டச்சில் கை வைத்தேன். ‘எக்ஸ்பெக்டெட்’ வந்தால் அவ்வளவு ஆபத்தில்லை. எதிர்பார்ப்பு எந்த நாளில் பிறந்தது என்று யாரும் எழுதுவதில்லை என்பதால் காலம் பெரும்பாலும் பின்வினைக்கே போகும். ‘ஆர்டர்டு’ம் ‘ஆஸ்க்டு’ம்தான் ஆளை விழுத்தாட்டும்.

கடந்த காலத்துக்குப் போனால் இந்த அமைப்பில் ஓர் அழகு இருக்கிறது. பள்ளியில் ‘ஹேஸ் பீன்’ வந்தால் ஆண்டைக் குறிப்பிடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். ‘த டெம்பிள் ஹேஸ் பீன் கம்ப்ளீட்டெட் இன் 1010’ என்பது தவறு. ‘வாஸ் கம்ப்ளீட்டெட் இன் 1010’ என்பதே சரி. ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி ‘இஸ் பிலீவ்டு டு ஹேவ் பீன் கம்ப்ளீட்டெட் இன் 1010’ என்று எழுதினால் எவரும் குறை சொல்ல முடியாது. அதே ‘ஹேவ் பீன்’, அதே ஆண்டு. இங்கே மட்டும் எப்படி நுழைந்தது? காரணம், ‘டு’வுக்குப் பின்னால் வரும் எச்ச வினைக்கு இறந்தகால வடிவம் கிடையாது. ‘டு வாஸ்’ என்று ஆங்கிலத்தில் சொல்ல முடியாது. இறந்தகாலத்தைச் சுமக்க வேறு ஆள் இல்லாததால் ‘ஹேவ்’ வந்து ‘வாஸ்’, ‘ஹேஸ் பீன்’ இரண்டின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. எனவே ‘இன் 1010’ என்பதும் வரலாம், ‘சின்ஸ் 1010’ என்பதும் வரலாம். ‘சின்ஸ்’ வந்தால் மட்டும் ‘ஹேவ்’ இல்லாமல் முடியாது. ‘த மில் இஸ் செட் டு பி க்ளோஸ்டு சின்ஸ் 2010’ என்று, ‘சொல்லப்படுகிறது’ என்ற பொருளில், நம் ஊர் ஆங்கிலத்தில் அடிக்கடி வருகிறது. ‘டு ஹேவ் பீன் க்ளோஸ்டு சின்ஸ் 2010’ என்பதே சரி. இதில் எனக்குத் துளி ஐயமில்லை.

‘வாஸ் டு பி’, ‘வாஸ் டு ஹேவ் பீன்’ இரண்டுக்கும் உள்ள இடைவெளியையும் சொல்லிவிடுகிறேன், செய்தி எழுதுபவர்களுக்கு உயிர்நாடி அது. பாரிசில் 1889 கண்காட்சிக்காக எழுந்த ஈஃபில் கோபுரத்துக்கு இருபது ஆண்டுகளுக்குத்தான் அனுமதி இருந்தது. கம்பியில்லாத் தந்திக்குப் பயன்பட்டதால் அது தப்பியது. ‘த டவர் வாஸ் டு பி டிஸ்மான்டில்டு இன் 1909’ என்று எழுதினால் அப்படி ஒரு திட்டம் இருந்தது என்பது மட்டுமே தெரியும். பிரித்தார்களா இல்லையா என்பதை வாக்கியம் சொல்லாது. ‘வாஸ் டு ஹேவ் பீன் டிஸ்மான்டில்டு இன் 1909’ என்று எழுதினால் பிரிக்கவில்லை என்பதும் அதிலேயே வந்துவிடும். ‘பிரிக்கப்பட்டிருக்க வேண்டியது’ என்று தமிழில் இழுக்கிறோமே, அதே ஏக்கம்.

உறுதியாகச் சொல்ல முடியாத இடத்துக்கு வருகிறேன். ‘பை மண்டே’ என்றால் திங்களும் சேர்த்தியா? பெரும்பாலான ஆங்கிலக்காரர்கள் சேர்த்தி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். திங்கள் காலை பத்து மணிக்கு அறிக்கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் மேலாளர்களும் உண்டு. இதில் யார் சரி என்று அகராதியைக் காட்டிச் சண்டை போடுவதில் பயனில்லை. வழக்கே பிளவுபட்டுத்தான் கிடக்கிறது. அதனால்தான் டெண்டர்களில் ‘ஆன் ஆர் பிஃபோர்’ என்று இரண்டு சொல்லைச் சேர்த்து எழுதுகிறார்கள், பார்க்க அசட்டுத்தனமாக இருந்தாலும் அதற்குக் காரணம் இருக்கிறது. நாள் கணக்கில் சட்டம் நம்மைவிட எச்சரிக்கையானது. இந்தியாவின் 1897ஆம் ஆண்டு பொதுவிதிகள் சட்டம், 9ஆம் பிரிவில், ஒரு சட்டத்தில் ‘ஃபிரம்’ என்று சொன்னால் முதல் நாளை விட்டுவிடலாம், ‘டு’ என்று சொன்னால் கடைசி நாளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது. 10ஆம் பிரிவில் நம் கேள்விக்கே உதாரணமாக ஒரு தொடர் கிடக்கிறது: ‘டைரக்டெட் ஆர் அலவ்டு டு பி டன்’ என்று தொடங்கி ‘ஆன் எ செர்ட்டன் டே ஆர் விதின் எ ப்ரிஸ்கிரைப்டு பீரியட்’ என்று போகிறது. கடைசி நாள் அலுவலகம் மூடியிருந்தால், திறக்கும் அடுத்த நாளில் செய்தாலும் உரிய காலத்தில் செய்ததாகவே கொள்ளப்படும் என்பது அதன் சாரம். ‘ஆன்’னுக்கு ஒரு புள்ளி, ‘விதின்’னுக்கு ஒரு நீளம் என்று எவ்வளவு துல்லியமாகப் பிரித்திருக்கிறார்கள் பாருங்கள். ஆனால் இவை சட்டங்களை வாசிப்பதற்கான விதிகள். உங்கள் அலுவலக மின்னஞ்சலை அவை கட்டுப்படுத்தாது. ஒப்பந்தத்தில் பணம் சம்பந்தப்பட்ட கெடு என்றால் என்னைக் கேட்காதீர்கள், வழக்கறிஞரைக் கேளுங்கள்.

‘பை’யின் இன்னொரு கோளாறு எல்லாருக்கும் தெரிந்ததுதான். செயப்பாட்டுவினையில் செய்பவரைக் காட்டவும் அதே ‘பை’. ‘டு பி சைன்டு பை த மேனேஜர் பை ஃபைவ்’ என்று எழுதினால் தவறில்லை, படிக்கத்தான் சகிக்காது. ‘பிஃபோர் ஃபைவ்’ என்று ஒன்றை மாற்றுங்கள், அல்லது செயப்பாட்டையே கைவிட்டு ‘த மேனேஜர் மஸ்ட் சைன்’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

போகிற போக்கில் ஒன்று. நம் தெருக்களில் வீட்டுக்கு வீடு தொங்கும் ‘டூ லெட்’ பலகையில் செயப்பாட்டுவினை இல்லை, கவனித்திருக்கிறீர்களா? பொருள்படி ‘டு பி லெட்’ என்றுதான் இருக்க வேண்டும். செய்வினை எச்சத்தையே செயப்பாட்டுப் பொருளில் வழங்கிய பழைய ஆங்கிலத்தின் மிச்சம் அது. ‘ஹி இஸ் டு பிளேம்’ என்பதும் அதே குடும்பம். அதன் கீழே தமிழில் எழுதும்போது நாம்தான் ‘வாடகைக்கு விடப்படும்’ என்று ஒழுங்காகச் செயப்பாட்டில் எழுதுகிறோம்.

இனி உங்கள் டெண்டர் அறிவிப்பு. ‘பிட்ஸ் வில் பி ரிசீவ்டு அன்டில் 2 பி.எம்.’ என்பது அமெரிக்க ஏல அறிவிப்புகளில் ஊறிப்போன வாசகம், பிழையல்ல. அங்கே ‘டு’ இல்லை என்பதால் கதை மாறவில்லை, ‘வில்’லுக்குப் பின்னால் வருவதும் அதே எச்சம்தான். மாறியது வினை. கொடுப்பவர் ஒரு முறை கொடுத்துவிட்டுப் போகிறார். அவருக்கு அது ஒரு கணம். வாங்குபவரோ பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அடுத்தடுத்து உறைகள் விழுகின்றன, இரண்டு மணிக்குப் பெட்டியைப் பூட்டுகிறார். அவருடைய வேலை நீண்டு நிற்பது, எனவே ‘அன்டில்’. அதே அறிவிப்பை ஏலம் கேட்பவர் பக்கம் நின்று எழுதினால் ‘பிட்ஸ் ஆர் டு பி சப்மிட்டெட் பை 2 பி.எம்.’ என்றாகிவிடும். நீங்கள் அறிக்கையைக் கொடுப்பவர், வாங்குபவர் அல்லர். மேலாளர் திருத்தியது சரிதான். வேண்டுமானால் அவர் திருத்திய வரியோடு ‘5 பி.எம்.’ என்று நேரத்தையும் சேர்த்துவிடுங்கள். திங்கள் காலையில் உங்கள் மேசைக்கு யாரும் வந்து நிற்கமாட்டார்கள்.